தண்ணீர் எப்போது வரும்?

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்னும் அபிப்பிராயம் சொல்லாத மனிதர் எவரேனும் தமிழ்நாட்டில் இருந்தால், அவரை ஒரு தடவை தரிசித்துவிட்டு வர நாம் சித்தமாயிருக்கிறோம். 2022-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசி நாளன்று 'சாட்ஜிபிடி' என்னும் பேசும் யந்திரம் பொது ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கிரிக்கெட், சினிமா ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக, எல்லாரும் நிபுணராகிவிட்ட மூன்றாவது விஷயம் அன்று பிறந்தது என்று சொல்லலாம்.

சடையங்குப்பத்து டீக்கடையிலும் இது விஷயமாக இரண்டு கட்சிகள் உண்டு. 'உலகத்தையே அது கட்டி ஆளப்போகிறது' என்பது ஒரு கட்சி. 'எல்லாம் கம்பெனிக்காரர்களின் ஜாலம்' என்பது மற்றொன்று. இரண்டிலும் சேராத துறைமுகத் தொழிலாளி ஒருவர் சொன்னதுதான் நம் மனத்தில் தைத்தது. "எங்கப்பா முதுகுல மூட்டை தூக்கினாரு சார். கன்டெய்னர் பெட்டி வந்துது. முதுகு தப்பிச்சுது, வேலைதான் தப்பலை" என்றார். இந்தியாவின் முதல் கன்டெய்னர் முனையம் 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் ஏற்பட்டது என்று பாடப் புத்தகம் பெருமையோடு சொல்லக்கூடும். அந்தப் பெருமைக்குள் இப்படி ஒரு முதுகும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துச் சங்கதி வேறு. 'மழைக்காலம்' என்று ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னோம். 11 பிள்ளைகள் மழையை ஒரே வாக்கியத்தில், ஒரே மாதிரியாக, 'இயற்கை அன்னையின் இனிய கொடை' என்று போற்றியிருந்தார்கள். கைப்பேசியிடம் கேட்டு எழுதியது என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் சாம்பு வரவேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதினொருவரில் ஒருவன், 2023-ம் வருஷத்து டிசம்பர் புயலில் இடுப்பளவு தண்ணீரில் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவன். கொடையைப் பற்றி அவனுக்குச் சொந்தமாகச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும்!

அவனைக் கோபித்துக்கொள்ளப் போன இடத்தில்தான், மீன் விற்கும் அவன் தாயார் நம்மை மடக்கினார். "அது எல்லாம் சொல்லும்னு சொல்றான் சார். தண்ணி எப்ப வரும்னு சொல்லுமா?"

வெளியூர் நேயர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். பூண்டி நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 35 அடி. மேயராயிருந்து அதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி 1943-ல் காலமாகிவிட்டார். 1944-ல் அது முடிவடைந்ததைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அங்கே உபரி நீரைத் திறந்தால் அது கொசஸ்தலையாற்றின் வழியாக எண்ணூரில் கடலைச் சேரும். திறக்குமுன் சர்க்கார் வெளியிடும் எச்சரிக்கையில் கரையோர ஊர்களின் பெயர்கள் வரிசையாக வரும். மணலி, மணலி புதுநகர் எல்லாம் தாண்டி, எண்ணூருக்கு முன்னால் நிற்கும் பெயர் நம்முடையது. புழல் ஏரியைத் திறந்தாலும் அந்த ஜாபிதாவில் நாம் இருக்கிறோம். சில அறிக்கைகளில் 'சடையான்குப்பம்' என்று அச்சாகிறது. யந்திரம் அதை வேறு ஓர் ஊர் என்று எண்ணிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. பரீட்சித்துப் பார்ப்போமென்று அதனிடமே நம் ஊரைப் பற்றிக் கேட்டோம். இல்லாத ஒரு கோயிலையும் நடக்காத ஒரு திருவிழாவையும் அழகிய தமிழில் வர்ணித்தது. தயக்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

இதை வைத்து அந்த அம்மாளின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வானிலை சொல்லும் யந்திரம் வேறு ஜாதி. காற்றின் போக்கைச் சமன்பாடுகளால் கணக்கிடுவது பழைய முறை. சுமார் 40 வருஷத்து வானிலைப் பதிவுகளைப் படித்து, 'இப்படி இருந்தால் அடுத்து இப்படி ஆகும்' என்று பழகிக்கொள்வது புதிய முறை. 2023-ல் வெளிவந்த 'கிராஃப்காஸ்ட்' என்னும் யந்திரம் பத்து நாள் வானிலையை ஒரு நிமிஷத்துக்குள் சொல்லிவிடுகிறது. 2025-ல் மத்திய சர்க்காரின் விவசாய இலாகா, இத்தகைய யந்திரங்களைக் கொண்டு பருவமழை எப்போது தொடங்கும் என்று கணித்து, 13 மாநிலங்களில் 3.8 கோடி விவசாயிகளுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பியது. இதை ஜாலம் என்று சொல்ல நமக்கு மனமில்லை.

ஆனால் நம் ஊருக்குத் தண்ணீர் வானத்திலிருந்து மட்டுமா வருகிறது? பூண்டியில் மதகை எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எண்ணூர் முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கிறதா, அப்போது கடலில் ஏற்றமா வற்றமா, அனல் மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தை எவ்வளவு மேடாக்கியிருக்கிறது என்பவையெல்லாம் சேர்ந்துதான் எங்கள் வாசற்படியைத் தீர்மானிக்கின்றன. பதிவு இருந்தால்தான் யந்திரம் கற்கும். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதை 2015-லும் சரி, 2023-லும் சரி, யார் எழுதிவைத்தார்கள்? அது சுவரில் பழுப்புக் கோடாக நிற்கிறது.

அந்த அம்மாளிடம் இவ்வளவும் சொல்லி முடித்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார். அது தப்பாச் சொல்லிட்டா யாரைப் போய்க் கேக்கறது?" என்றார்.

நாம் பட்டதாரி. பதில் உடனே வரவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26-ந் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். நஷ்ட ஈடு போதுமா என்பது வேறு விஷயம். கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் இரண்டையும் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 'கணிப்பு தவறிவிட்டது' என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்த வாசலில் நிற்பது?

வீட்டுக்கு வந்து தேடியதில், தமிழ்நாடு சர்க்கார் 2020-லேயே செயற்கை நுண்ணறிவைப் பத்திரமாக உபயோகிப்பதற்கு ஒரு கொள்கை வெளியிட்டிருப்பது தெரிந்தது. இந்த யந்திரங்களைச் சர்க்கார் காரியத்தில் ஏற்குமுன் ஆராய வேண்டியவற்றில், பிழைக்குப் பொறுப்பு யாருடையது என்பது ஒன்று. ஏழை எளியவர்களைப் பற்றிய விவரம் போதுமான அளவு இருக்கிறதா என்பது இன்னொன்று. மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்த அம்மாள் கேட்ட கேள்விகளுக்கும் இவற்றுக்கும் அதிக தூரமில்லை. அடுத்த எச்சரிக்கை யந்திரத்தைக் கொண்டு வருமானால், அதன் அடியில் பொறுப்பான உத்தியோகஸ்தரின் பெயரும் டெலிபோன் நம்பரும் இருக்க வேண்டுமென்று ஜனப் பிரதிநிதிகளிடம் இப்போதே கேட்பது நல்லது. தண்ணீர் வந்த பிறகு யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கட்டுரை எழுதிய பையனுக்குத் தண்டனையாக ஒரு நோட்டும் அளவு நாடாவும் கொடுத்திருக்கிறோம். நாலு தோழர்களோடு வீடு வீடாகப் போய்ச் சுவர்க் கோட்டை அளந்து வருகிறான். பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடுகளில் கோடு இல்லையாம். அங்கெல்லாம் பாட்டிமார் சுவரில் கையை வைத்துக் காட்டும் உயரத்தைத்தான் எழுதி வருகிறான்.