தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்!

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ விட்டுப்போன பழைய தகரப் பெட்டி இருக்கிறதா? அதை இந்த வாரமே திறந்து பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர்கள் என்னைத் தேடி வந்தார்கள். தோட்டம் கைமாறிவிட்டது. பள்ளி நிற்கும் இடம் தனக்கு வேண்டும் என்கிறார் புதிய முதலாளி.

"பழைய தொரை ரெண்டு ஏக்கர் பள்ளிக்கூடத்துக்குன்னு குடுத்தாருங்க லாயர் ஐயா. தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும்" என்றார் ஒரு பெரியவர்.

"எழுத்துல ஏதாவது இருக்குங்களா?"

யாரும் பேசவில்லை.

நம் நாட்டு நிலச் சட்டம் ஊருக்குத் தெரியுமா என்று கேட்பதில்லை. கிராண்டில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. வீடு வீடாகத் தேடினோம். கடைசியில் பழைய கிராணி ஒருவரின் மகள் வீட்டில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள், நிர்வாகம் எழுதிய ஒரு கடிதமும் பள்ளிக் கட்டட நிதிக்கு வசூலித்த ரசீதுகளும் கிடைத்தன. வழக்கில் வெல்ல அவை போதாது. பேச்சுவார்த்தைக்குப் போதுமானதாக இருந்தன. இரண்டு ஏக்கரில் முக்கால் ஏக்கர் மிஞ்சியது. பள்ளியும் மிஞ்சியது.

அந்த பிஸ்கட் டின் இல்லாவிட்டால்?

அதன் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. இரவு வேலை முடிந்ததும் கணினியில் பழைய பத்திரிகைகளைப் புரட்டுவேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ஏடு அது. மலாயாவும் சிங்கப்பூரும் ஒன்றாகக் கிடந்த காலத்து நம் கதை அதில் இருக்கிறது. தோட்டத்துப் பள்ளி, ஆசிரியர் சம்பளம், பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாம் அதில் செய்தி.

1950களில் நடந்த 'தமிழ் எங்கள் உயிர்' நிதித் திரட்டைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா? மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரப்போகிறது, அதில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று சாரங்கபாணி குரல் கொடுத்தார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளிகள். தன் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிக்குமா என்று தெரியாதவன், பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று காசு கொடுத்தான். 1956இல் அந்தத் துறை வந்தது.

இது கல்வி இயக்கம் இல்லையென்றால் வேறு எது?

"தமிழ்ப்பள்ளி அரசாங்கம் போட்ட பிச்சை" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மவர்களில் சிலரே தலையாட்டுகிறார்கள். அவர்களுக்குப் பழைய காகிதங்களைக் காட்டுங்கள். இந்நாட்டில் தமிழ் வகுப்பு 1816இல் பினாங்கில் தொடங்கியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அது சலுகை அல்ல, சட்டம்! பல நிர்வாகங்கள் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும் போதும் என்று கணக்கை முடித்துக்கொண்டது வேறு கதை. மீதியை நிரப்பியது யார்? பால் வெட்டிய நம் பாட்டிகளும் தாத்தாக்களும்தான்.

ஆனால் அதற்குச் சான்று எங்கே? அரசாங்க ஆவணக் காப்பகத்தில் தேடினால் துரைமார்களின் கடிதங்களும் இலாகா அறிக்கைகளும் கிடைக்கும். உங்கள் பாட்டி சம்பள நாளில் கொடுத்த ஐம்பது காசு அதில் எழுதப்பட்டிருக்காது. அது உங்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும்.

சீன சமூகத்தைப் பாருங்கள். அவர்களின் ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு 1951இலும், பள்ளி வாரியங்களின் கூட்டமைப்பு 1954இலும் தோன்றின. தாய்மொழிக் கல்விக்காகப் போராடிய லிம் லியான் கியோக்கின் குடியுரிமை 1961இல் பறிக்கப்பட்டது. 1985இல் இறக்கும்வரை அது திரும்பவில்லை. அவர்கள் அந்த மனிதரை மறக்கவில்லை. கடிதம், உரை, கூட்டக் குறிப்பு என்று திரட்டி நூலாக்கி வைத்தார்கள். யாராவது கேள்வி கேட்டால் எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். நாம் நினைவிலிருந்து வாதாடுகிறோம்.

கேள்விகள் வராமல் இருக்கப்போவதில்லை. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீதிமன்றம் ஏறினார்கள். 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதை நிராகரித்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிராகரித்தது. மொழிக் கல்விக்கான உரிமை சட்டத்தில் நிற்கிறது, சரி. ஆனால் உங்கள் பள்ளி நிற்கும் மண்? நம் பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவை. பல பள்ளிகளின் நிலம் இன்னும் வேறொருவர் பெயரில் இருக்கிறது.

1957இல் 800க்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று சுமார் 530. மூடிய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு எங்கே? கூட்டக் குறிப்பேடு எங்கே? தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தோடு சேர்த்து அவற்றையும் கொளுத்திவிட்டார்கள்.

"சோத்துக்கே திண்டாட்டம், இதுல பழைய காகிதமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நான் கேட்பது காசு அல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பெட்டியைத் திறங்கள். பள்ளிப் படம், நன்கொடை ரசீது, நிர்வாகக் கடிதம், சங்க அட்டை, எது கிடைத்தாலும் கைத்தொலைபேசியில் முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகலைப் பள்ளி வாரியத்திடம் கொடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "நம்ம பள்ளி நிலம் யாரு பேர்ல இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான் ரஸ்மி' எடுக்கலாம். அதற்கு லாயர் தேவையில்லை.

அடுத்த முறை ஒரு பள்ளியின் பெற்றோர்கள் என் அலுவலகத்துக்கு வரும்போது, "எழுத்துல இருக்குங்களா?" என்று கேட்பேன். அப்போது அவர்கள் ஒரு கோப்பை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும்.

வைப்போமா?