சட்டைக்குப் பேர் இருக்கிறது, தைத்தவளுக்கு?

ஃபேஷன் பத்திரிகைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். கேழ்வரகுக் கொல்லையில் களை எடுப்பவருக்கும் ஓசூர் ஆலையில் ஷிப்டு பார்ப்பவருக்கும் அந்தப் பளபளப்புக் காகிதம் எதற்கு?

சம்பந்தம் உண்டு. அந்தக் காகிதத்தில் மின்னும் உடுப்பைத் தைப்பது யார்? விடியுமுன் சோற்றுத் தூக்கோடு, எல்லை தாண்டிப் போகும் கார்மெண்ட்ஸ் வண்டிக்காகத் தொரப்பள்ளிச் சாலையோரம் நிற்கும் நம் வீட்டுப் பெண்கள்! ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம்.

பெரிய முதலாளிகளின் ஃபேஷன் பத்திரிகை எப்படிப்பட்டது? ஒரு சாட்சி போதும். அமெரிக்காவின் காண்டே நாஸ்ட் கம்பெனி 'வோக்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பை 2007-ல் தொடங்கியது. 2008 ஆகஸ்ட் இதழில் ஏழை ஜனங்களை நிறுத்திப் படம் எடுத்துப் போட்டார்கள். பல் போன கிழவியின் கையில் ஒரு குழந்தை. அதன் கழுத்தில் சுமார் 100 டாலர் விலையுள்ள துணி. வெறுங்காலோடு நிற்கும் மனிதரின் கையில் சுமார் 200 டாலர் குடை. படத்தின் கீழே துணிக்கும் குடைக்கும் கம்பெனிப் பேர் போட்டார்கள். மனிதருக்குப் பேர் போடவில்லை! குடைக்கு உள்ள மதிப்பு அதைப் பிடித்த கைக்கு இல்லை.

இந்தப் போக்கு பிடிக்காதவர்கள் மேல்நாட்டிலும் உண்டு. 'வோக்' பிரிட்டிஷ் பதிப்பில் கலை இயக்குநராக இருந்த டெர்ரி ஜோன்ஸ், 1980-ல் லண்டனில் 'ஐ-டி' என்ற சொந்தப் பத்திரிகை தொடங்கினார். பின் அடித்த சில தாள்கள்தான் அது. தெருவில் போகும் வாலிபர்களைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்து, என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எழுதியது. அதைச் சுற்றி ஒரு வாலிபர் கூட்டம் சேர்ந்தது. இப்படிப் பிறந்தவையே சுயேச்சை ஃபேஷன் பத்திரிகைகள்.

நாம் இதைக் கேலி செய்யவில்லை. தெருவில் போகிறவனுக்கும் அழகு உண்டு என்று சொன்னது நல்ல காரியமே. உழைப்பாளி கந்தல்தான் கட்ட வேண்டுமா? களையெடுக்கும் பெண் ஒரு பூப்போட்ட புடவைக்கு ஆசைப்பட்டால் குற்றமா? இல்லவே இல்லை.

ஆனால் அந்தப் பத்திரிகையின் கதி என்ன? 2012-ல் அதை 'வைஸ்' என்ற கம்பெனி வாங்கியது. 2023-ல் வைஸ் திவால் மனு போட்டது. அதே ஆண்டில் கார்லி க்ளாஸ் என்ற மாடல் அழகியின் கம்பெனி 'ஐ-டி'யை விலைக்கு வாங்கியது. சந்தையில் ஆடு கைமாறுவதுபோல் கைமாறியது சுயேச்சை! பத்திரிகையின் சுதந்திரம் அதன் அட்டையில் இல்லை. அது யார் பணத்தில் நடக்கிறது என்பதில் இருக்கிறது.

பிணக் குவியலுக்குப் பின் ஒரு கேள்வி

2013 ஏப்ரல் 24. வங்க தேசத்தில் டாக்கா அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. முந்தின நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த கடைகளும் பாங்கும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். 1,134 பேர் மாண்டார்கள்.

அதன்பின் லண்டனில் 'ஃபேஷன் ரெவல்யூஷன்' என்ற இயக்கம் தோன்றியது. 'என் உடுப்பைத் தைத்தது யார்?' என்று கேட்டது. 2017-ல் அது வெளியிட்ட சிறு பத்திரிகையின் முதல் இதழுக்குப் பணம், ஃபேஷன், அதிகாரம் என்று தலைப்பு. கேள்வி சரியானது. வரவேற்கிறோம்.

நமக்கு இது புதிய கேள்வியா? தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 1925-ல் திருச்செங்கோடு அருகே ஆசிரமம் அமைத்துக் கதர் வேலை நடத்தினார். கம்யூனிஸ்டுகளே முதல் எதிரி என்று 1952-ல் அறிவித்தவரும் அவர்தான். அவரோடு நமக்கிருந்த தகராறு ஊரறிந்தது. ஆயினும் நூற்றது யார், நெய்தது யார் என்று கேட்டு உடுத்தும் வழக்கத்தைக் கதர் இயக்கம் இந்நாட்டில் பரப்பியது உண்மை.

ஆனால் பேரைக் கேட்டால் மட்டும் போதுமா? 'உங்கள் உடுப்பைத் தைத்தது நானே' என்று அட்டை பிடித்துச் சிரிக்கும் பெண்ணின் படத்தைக் கம்பெனிகளே வெளியிடுகின்றன. சிரிக்கும் முகத்தில் சம்பளச் சீட்டு தெரியுமா?

ஓசூர் ரோடு தந்த பதில்

2016 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது. வேலையை விட்ட தொழிலாளி, பி.எஃப். பணத்தில் முதலாளி கட்டிய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்றது. ஏப்ரல் 18-ல் பெங்களூர் கார்மெண்ட்ஸ் மாதர்கள் மிஷினை நிறுத்தினார்கள். பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை மறித்தார்கள். தடியடி நடந்தது. மறுநாளும் ரோட்டில் நின்றார்கள். ஏப்ரல் 19-ல் உத்தரவு வாபஸ்! இரண்டே நாள்!

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்றின் தலித் பெண் தொழிலாளி கொலையுண்டார். சூப்பர்வைசர் கைதானார். பெண்களின் தலைமையில் நடக்கும் சங்கம் போராடியது. வெளிநாட்டு ஆதரவாளர்களும் குரல் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில், பெண் தொழிலாளர்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்திரிகையும் படிப்பவர்களும் துணை நிற்கலாம். ஆனால் சங்கம் எழுந்தால்தான் துணைக்கு வேலை.

சுயேச்சைப் பத்திரிகைக்காரர்களே, மூன்று கேள்வி கேட்கிறோம். உடுப்பின் விலைக்குப் பக்கத்தில் தைத்த கூலியை அச்சிடுவீர்களா? தையல் லைனில் உட்காரும் பெண்ணையே எழுத வைத்து, எழுத்துக்குக் கூலி தருவீர்களா? சங்கம் வைத்ததற்காக வேலையைப் பறிக்கும் கம்பெனியின் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புவீர்களா? ஆம் என்றால் கை கொடுக்கிறோம். இல்லை என்றால், சுயேச்சை என்ற சொல்லைக் கழற்றி வையுங்கள்!

சகோதரிகளே! வண்டிக்கு நிற்கும் நேரத்தில் ஒரு நோட்டில் எழுதுங்கள். தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ, தெரிந்ததில் எழுதுங்கள். மணிக்கு எத்தனை பீஸ்? கைக்கு வந்தது எவ்வளவு? தைத்த லேபிள் என்ன? அந்த நோட்டுதான் நமது ஃபேஷன் பத்திரிகை. அதைச் சுற்றிக் கூடும் நான்கு பேர்தான் சங்கத்தின் முதல் வரிசை.

உங்கள் பேரை இப்போது நாம் அச்சிடமாட்டோம். பேர் வெளியானால் வேலை போகும் நிலை இருக்கிறது. பயமின்றிப் பேர் போடும் நாளை எந்த அட்டைப்படமும் கொண்டுவராது. நீங்கள் கட்டும் சங்கம் கொண்டுவரும்!