கூம்பு எப்போ புதுசாகும்?

கம்ப்யூட்டரில் படம் பார்க்கும் வீடுகளில் அந்த ஆரஞ்சுக் கூம்பைத் தெரியாதவர்கள் குறைவு. வி.எல்.சி. பிளேயர்! அதன் 3.0 பதிப்பு வந்தது 2018 பிப்ரவரியில். அடுத்த 4.0-வின் புதுத் தோற்றத்தை 2019-லேயே பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபாஸ்டெம் மாநாட்டில் காட்டிவிட்டார்கள். 2025 பிறந்தபோதும் அது முழுமையாக வெளிவரவில்லை. இடையில் வந்ததெல்லாம் 3.0-வுக்கான ரிப்பேர் வேலைகள்தான்.

பயனாளர்களோ இரண்டு கட்சி. இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து முகமா என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒரு பக்கம். எந்த ஃபைலைப் போட்டாலும் ஓடுகிறதே, அப்படியே விட்டுவிடுங்கள் என்பவர்கள் மறுபக்கம். பொறுமையில்லாதவர்கள் சோதனைப் பதிப்பை இறக்கிக்கொண்டு, அது பாதியில் நின்றால் திட்டுகிறார்கள். சோதனை என்றால் அப்படித்தானே இருக்கும்!

திட்டு வாங்குவது பெரிய கம்பெனி இல்லை. பாரிஸில் மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலை, இன்று வீடியோலேன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு. காசும் கேட்பதில்லை, விளம்பரமும் இல்லை. விளம்பரம் சேர்க்கப் பல கோடி தருகிறோம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவர் அதன் தலைவர் ழான் பாப்டிஸ்ட் கெம்ப். ஆள் பலம் குறைவு. மாற்றுவதோ மேல்பூச்சை மட்டுமல்ல, உள்ளே ஓடும் இன்ஜினையும்.

அதுவரை 3.0-வின் கடைசி அப்டேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அதில்தான்.