எதிர்ப்பு சக்தி எவ்வளவு வேண்டும்?

கொரோனா காலத்தில் மருந்துக் கடைகளுக்குள் நுழைந்த 'இம்யூனிட்டி பூஸ்டர்' டப்பாக்கள் இன்னும் அலமாரியை விட்டு இறங்கவில்லை. எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்ற நம்பிக்கைதான் அவற்றை விற்றுக்கொடுக்கிறது. அந்தச் சக்தி எல்லை மீறினால் என்ன ஆகும்?

1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், கதிர்வீச்சு ஆய்வுக்காக வளர்த்த எலிகளிடையே சில ஆண் குட்டிகள் தோலில் செதில் உதிர, மண்ணீரல் வீங்க, சில வாரங்களிலேயே செத்தன. கிருமி காரணமில்லை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களான டி செல்களே குட்டிகளின் சொந்த உறுப்புகளைத் தாக்கியிருந்தன.

டி செல்கள் நெஞ்சுக்கூட்டிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. சொந்தத் திசுவைப் பகையாகப் பார்ப்பவை பெரும்பாலும் அங்கேயே கழித்துக்கட்டப்படும். சில தப்பிவிடும், ஆரோக்கியமானவர் ரத்தத்திலும் அவை உண்டு. அவற்றை அடக்குவது யார்?

பிறந்து மூன்றே நாளான எலிக்குட்டியின் தைமஸை எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி குன்றத்தானே வேண்டும்? ஜப்பானில் நடந்த சோதனையில் அது வெறிகொண்டு உடலையே தாக்கியது. ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி, நலமான எலிகளின் டி செல்களை அந்தக் குட்டிகளுக்குச் செலுத்தி நோயைத் தடுத்தார். அப்படியென்றால் டி செல்களிலேயே அடக்கும் வகை ஒன்று இருக்க வேண்டும். 'அடக்கும் செல்' என்றாலே சக ஆய்வாளர்கள் முகம் சுளித்த காலம் அது. மனிதர் விடவில்லை. பத்தாண்டுக்கு மேல் உழைத்து, 1995இல் அந்த வகையை அடையாளம் காட்டினார்.

ஓக் ரிட்ஜ் புதிரை 2001இல் அவிழ்த்தவர்கள் ஆய்வாளர்கள் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல். சந்தேகத்துக்குரிய 20 மரபணுக்களில் கடைசியாகச் சோதித்ததில்தான் கோளாறு சிக்கியது. ஃபாக்ஸ்பி3 எனப்படும் அந்த மரபணு மனிதரிடம் பழுதானால், கைக்குழந்தைக்கே சர்க்கரை நோயும் ஓயாத வயிற்றுப்போக்கும் வரும். அடக்கும் செல்களை உருவாக்குவதும் அதுவே என்று 2003இல் தெரிந்தது. மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ் நோயாளிகளுக்கு எதிர்ப்பு சக்தி போதாமல் இல்லை. அடங்காததுதான் அவர்கள் தொல்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களோ அதை அடக்கவே தினமும் மாத்திரை விழுங்குகிறார்கள். இவர்களுக்கும் சேர்த்து 'சக்தியைப் பெருக்கும்' பொடியை விற்பது பொறுப்பற்ற வணிகம். டப்பாவின் மேலேயே எச்சரிக்கை அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, இத்தகைய நோயாளி வீட்டில் இருந்தால், யார் சொன்ன சூரணமானாலும் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.