குழந்தை வண்டியும் ஒலுவில் மணலும்

ஒலுவில் துறைமுகக் கரையில் வளைகுடாவிலிருந்து வந்த குழந்தை வண்டிகளைக் காண்கிறேன். அங்காடிகளின் பளிங்குத் தரைக்கான சிறு சக்கரங்கள் மணலில் புதைகின்றன. 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயையே அடைத்த மணலுக்குச் சக்கரம் எம்மாத்திரம்! நம் கரைக்கு அகன்ற சக்கரமே உகந்தது.

ஆயினும் முதலில் பார்க்க வேண்டியது மடக்குக் கீலைத்தான். 2009 நவம்பரில் மக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் 10 இலட்சம் வண்டிகளுக்குக் கீல்உறை வழங்க நேர்ந்தது. கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டானதாக 12 முறைப்பாடுகள். பெயர்பெற்ற வண்டிக்கே இந்தக் கதி. நம்மவரோ 'வெளிநாட்டுச் சாமான்' என்ற மதிப்பில் பூட்டைக்கூடச் சோதிப்பதில்லை.

விரிக்கையிலும் மடக்கையிலும் பிள்ளை எட்ட இருக்கட்டும். தோளையும் இடுப்பையும் பிணைக்கும் பட்டி அவசியம். கைப்பிடியில் சந்தைப் பையைத் தொங்கவிட்டால் வண்டி பின்னே சாயும். வெயிலுக்கெனத் துணியால் மூடாதீர்கள். உள்ளே வெப்பம் ஏறும்.