நம்ம கிளாஸ் நம்பியார்

கார்த்திகை பொறந்துட்டா நம்ம ராஜபாளையம் ரோட்டைப் பார்த்திருக்கீங்கதானே? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டைன்னு வரிசையா சபரிமலை வேன்கள். சரண கோஷம், கறுப்பு வேட்டி, திரும்பி வர்றப்போ கையில பால்கோவா பொட்டலம்!

சின்ன வயசுல எங்க தெரு குருசாமி வீட்டுல ஒரு படம் மாட்டியிருக்கும். கழுத்துல மாலை, தலையில இருமுடி, சாந்தமான முகம். "யாரு தாத்தா இந்தச் சாமியார்?"னு கேட்டேன். "டேய், இவரு எம்.என்.நம்பியார்டா!"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முந்தின ஞாயித்துக்கிழமைதான் டி.வி-யில 'எங்க வீட்டுப் பிள்ளை' பார்த்துட்டு, அந்த மனுஷனை எங்க பாட்டி வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருந்தாங்க!

கையைப் பிசைஞ்சு, கண்ணை உருட்டி, பல்லைக் கடிச்சுப் பேசுற அந்த நம்பியாரை உங்களுக்கு மிமிக்ரியிலயாவது தெரிஞ்சிருக்கும். நிஜ நம்பியார் கண்ணூர்க்காரர். 1919-ல பொறந்தவர். டீன் ஏஜ்லயே நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியில சேர்ந்தார். 1935-ல 'பக்த ராமதாஸ்'ல சினிமாவுக்கு வந்தார். 1950-ல 'திகம்பர சாமியார்'ல ஒரே ஆளா விதவிதமான மாறுவேஷங்கள் போட்டு அசத்தினார். அதே வருஷம் 'மந்திரி குமாரி'யில ராஜகுருவா வந்து மிரட்டினார். 1952-ல 'கல்யாணி'யில ஹீரோவாவும் நடிச்சார். ஆனா ஜனங்க மனசுல ஒட்டிக்கிட்டது என்னவோ வில்லன் முகம்தான்.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. 1965-ல வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில எம்.ஜி.ஆர். சவுக்கைக் கையில எடுக்குறப்போ தியேட்டரே அதிர்ந்துச்சுன்னு தாத்தாக்கள் சொல்வாங்க. அந்த விசிலுக்கு பாதிக் காரணம் நம்பியார். அதுவரைக்கும் அதே சவுக்கால அவர் அப்பாவியைப் போட்டு விளாசி, நம்ம வயித்தெரிச்சலை ஏத்தி வெச்சிருந்தார். கைதட்டல் ஹீரோவுக்கு, திட்டு இவருக்கு. திட்டு எவ்வளவு ஜாஸ்தியோ, அவ்வளவு நல்லா வேலை பார்த்திருக்கார்னு அர்த்தம்!

ஸ்க்ரீனுக்கு வெளியில? சைவச் சாப்பாடு. தண்ணி, சிகரெட் பக்கமே போகாதவர். அறுபது தடவைக்கு மேல மலைக்குப் போய், பல பேருக்கு குருசாமியா இருந்தவர். 1982-ல 'தூறல் நின்னு போச்சு'ல பாக்யராஜுக்கு சண்டை கத்துக்கொடுக்குற வாத்தியாரா வந்தப்போ, "அட, இவரா இப்படி?"ன்னு ஜனங்க ரசிச்சாங்க. 2008 நவம்பர் 19-ல, அதே கார்த்திகை மாசத்துல, காலமானார்.

சரி, நம்பியார் கதை இப்போ எதுக்கு? எங்க கிளாஸ்லயும் ஒரு நம்பியார் இருந்தான் பாஸ்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து தினமும் என்கூட பஸ்ல வருவான். கட்டைக் குரல், நெத்தியில தழும்பு, அப்பவே முறுக்கு மீசை. கல்ச்சுரல்ஸ்னா வில்லன் வேஷம் அவனுக்குத்தான். நாங்க வெச்ச பட்டப்பேரே 'நம்பியார்'. கூப்பிட்டா சிரிச்சுக்கிட்டே கையைப் பிசைஞ்சு காட்டுவான்.

செகண்ட் இயர்ல டூருக்கு வசூல் பண்ணின பணத்துல 2,300 ரூபாயைக் காணோம். யாரும் அவன் பேரைச் சொல்லல. ஆனா மொத்த கிளாஸும் திரும்பி அவனைத்தான் பார்த்துச்சு. ஏன்? அவன் முகம் அப்படி! ரெண்டு நாள் கழிச்சு பணம் கிளாஸ் ரெப்போட ரெக்கார்டு நோட்டு அட்டைக்குள்ளயே கிடைச்சது. எல்லாரும் சிரிச்சுட்டுக் கலைஞ்சாங்க. ஒருத்தர்கூட அவன்கிட்ட 'ஸாரி' சொல்லல.

அந்த ரெண்டு நாளும் பஸ்ல அவன் பக்கத்து சீட் காலியாத்தான் இருந்துச்சு. வழக்கமா அதுல உக்கார்றவன் நான். உக்காரல. அதுக்கப்புறம் அவன் கல்ச்சுரல்ஸ் பக்கமே வரல. 'நம்பியார்'னு கூப்பிட்டா கையைப் பிசையவும் இல்ல.

நிஜ நம்பியாருக்கு ஒரு வசதி இருந்துச்சு. பேக்கப் சொன்னா மேக்கப்பைக் கலைச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம். மத்தவங்களா ஒட்டிவிட்ட மேக்கப்பை நம்ம ஃப்ரெண்டு எப்படிக் கலைப்பான்? ஒட்டினவங்கதானே வந்து துடைச்சு விடணும்?

இன்னொண்ணும் சொல்லணும். முகத்தை வெச்சு ஒருத்தனைத் திருடன்னு முடிவு கட்டுறது தப்புன்னா, சாந்தமான முகத்தைப் பார்த்து யோக்கியன்னு நம்புறதும் தப்புதான். ஒருத்தரை எடை போடணும்னா, அவர் என்ன செய்றார்னு பாருங்க. வேற குறுக்கு வழி கிடையாது.

போன கார்த்திகையில அவனை ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில பார்த்தேன். மாலை போட்டிருந்தான். டீ குடிச்சுக்கிட்டே, "அன்னிக்கு பஸ்ல உன் பக்கத்துல உக்காராததுக்கு ஸாரிடா"ன்னேன். "எப்போடா?"ன்னு கேட்டான். கேட்டுட்டு ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தான். மறக்கலன்னு புரிஞ்சுது. கிளம்புறப்போ, "லேட்டானாலும் பரவால்ல, சொன்னியே"ன்னான்.

உங்க கிளாஸ்லயும் ஒரு நம்பியார் இருப்பான். ஏன், இருப்பாள்! நாளைக்குக் காலையில பஸ்ல பக்கத்து சீட் காலியா இருந்தா, போய் உக்காருங்க. என்னை மாதிரி வருஷக்கணக்கா இழுத்தடிக்காதீங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!