வினைல் வெச்ச வினை

மும்பைக்கு வந்து பன்னிரண்டு மழைக்காலம் பார்த்தாச்சு. இப்போ செம்பூரில் இருக்கிற வாடகை வீட்டில் படுக்கையறைச் சுவர் முழுக்கப் பூப்போட்ட வினைல் வால்பேப்பர். பார்த்ததுமே தங்கமணிக்குப் பிடிச்சுப்போச்சு. நானும் தலையாட்டினேன், வேறென்ன செய்ய?

ஜூலையில் ஆரம்பிச்சது. ஏசியை 26-ல் வெச்சா உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. 24 ஆச்சு, அப்புறம் 22. கூடவே ஒரு முடைநாத்தம். ஓரத்தில் உப்பியிருந்த பேப்பரை உரிச்சா, பின்னாடி கருப்புக் கருப்பாப் பூஞ்சை.

விஷயம் இதுதான். மழையில் நனைஞ்ச வெளிச்சுவரின் ஈரம் ஆவியா உள்பக்கம் வரும். ஏசி ஓடற அறையில் உள்பூச்சு குளிர்ந்திருக்கும். வினைல் பிளாஸ்டிக் உறை மாதிரி, ஆவியை விடாது. பேப்பருக்குப் பின்னாடியே தண்ணியாத் தங்கிடும். ஈரச்சுவர் காய்ஞ்ச சுவரைவிட அதிகமா வெப்பத்தையும் கடத்தும்.

காத்திலிருந்து ஒரு லிட்டர் தண்ணியைப் பிழிய ஏசிக்குச் சுமார் 0.2 யூனிட் ஆகும். ரூமுக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போடறோமே, அதுவும் இந்தக் கணக்குதான். அதுகூடப் பரவாயில்லை. பிசுபிசுப்பு தாங்காம தெர்மோஸ்டாட்டை இறக்கறோம் பாருங்க, அங்கேதான் காசு போகுது. ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசின் பி.இ.இ. சொல்லுது. நான் இறங்கினது நாலு டிகிரி!

ஊரில் சுண்ணாம்பு அடிச்ச சுவர் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கி வெச்சுக்கிட்டு, காத்து காய்ஞ்சதும் திருப்பிக் கொடுக்கும். மந்திரமெல்லாம் இல்லை. ஜன்னலைத் திறந்துபோட்டு மழைக்காத்தை உள்ளே விட்டா எந்தச் சுவரும் காப்பாத்தாது. ஆனா சமையல், குளியல் ஆவியால் சில மணி நேரம் ஏறி இறங்கற ஈரத்தை ஓரளவு சமாளிக்கும். வினைல் சமாளிக்காது.

2018-ல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதிகள், வீட்டுச் சுவர், ஜன்னல் வழியா வர்ற வெப்பத்துக்கு வரம்பு வெச்சது. நல்ல விஷயம். அந்தக் கணக்கில் ஈரம் கிடையாது. நாம மட்டும் என்ன? அஞ்சு ஸ்டார் ஏசிக்குக் கடை கடையா ஏறி இறங்கறோம், சுவரை அலங்காரமாத்தான் பார்க்கறோம். கடலோர ஊரில், ஏசி போடற அறையில், வெளிச்சுவரின் உள்பக்கம் வினைல் ஒட்டவே கூடாதுங்கறது என் கட்சி. ஆசையா இருந்தா ரெண்டு அறைக்கு நடுவில் இருக்கிற சுவரில் ஒட்டிக்கோங்க.

வீட்டுக்காரர் புதுசா வினைல் ஒட்டித் தர்றேங்கறார். சுரண்டிக் காயவிட்டு என் செலவிலேயே சுண்ணாம்பு அடிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கேன். யோசிச்சுச் சொல்றாராம். தங்கமணி வேற அவர் பக்கம் :-)